மென்பொருள் வேலைக்குப் பின் அறிவியல் படிப்பு: கேள்வி முதலில், பட்டம் பிறகு

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் பெரும்பகுதியினர் என்ன படிப்பது என்பதை இந்த நெருக்கம்தான் முடிவுசெய்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி, அங்கே கணினிப் பட்டத்துக்கு வேலை என்ற நிலை இருந்தபோது, இயற்பியலில் ஆர்வமுள்ள மாணவரையும் வேதியியல் ஆசிரியரின் செல்லப்பிள்ளையையும் வீட்டார் கணினி அறிவியலில்தான் சேர்த்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மானாவாரி நிலத்தையும் மாந்தோப்பையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்த முதல் தலைமுறை அது. அந்தத் தலைமுறை இப்போது முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் இருக்கிறது. வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கிறது, தம்பி தங்கையின் படிப்பும் கல்யாணமும் முடிந்திருக்கின்றன. அவர்களில் சிலர், அன்று விட்டுவிட்டு வந்த அறிவியலைத் திரும்பிப் போய்ப் படிக்க முடியுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கான வழி எது, எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே திறந்திருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, "எந்தக் கோர்ஸில் சேரலாம்?" என்பதாக இருக்கிறது. இதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், எந்தப் பட்டம் தேவை, எந்தத் தேர்வு எழுத வேண்டும், எவ்வளவு காலமும் பணமும் ஆகும் என்பவையெல்லாம் அதிலிருந்தே பெருமளவு தெரிந்துவிடும். பட்டத்திலிருந்து தொடங்குகிறவர், பதினேழு வயதில் தமக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு போன்ற ஒன்றை முப்பத்தைந்து வயதில் தாமே எடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதோடு, கல்விச் சட்டதிட்டங்கள் துறைக்குத் துறை பெரிதும் மாறுபடுகின்றன. இயற்பியலில் மூடியிருக்கும் கதவு கணக்கீட்டு உயிரியலில் திறந்திருக்கலாம். முதுநிலைப் படிப்பில் கிடைக்காத இடம் நேரடி ஆய்வுப் படிப்பில் கிடைக்கலாம். "அறிவியல்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை இந்த வேறுபாடுகள் கண்ணில் படுவதில்லை.

முதல் தடை பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியல் எடுத்தவர் உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டிருப்பார். வணிகவியல் குரூப்பில் படித்துப் பி.சி.ஏ. முடித்து மென்பொருளுக்கு வந்தவரோ மேல்நிலையில் இயற்பியலையும் வேதியியலையும் தொட்டே இருக்க மாட்டார். இளநிலை அறிவியலை மறுபடி முதலிலிருந்து படிக்க நினைத்தால் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது தடையின்றி இளநிலை அறிவியல் படிக்கலாம். செய்முறைப் பாடங்களுக்குக் கல்வி மையத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கும் மேல்நிலையில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்தது, வேலையோடு தொலைநிலையில் படிப்பவர்களைவிட ஏற்கெனவே ஏதேனும் ஒரு படிப்பில் இருப்பவர்களுக்கே அதிகம் பயன்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை வகுப்பில் நேரடியாகச் சேர எண்ணுபவர்கள், அந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் வயது பற்றிய பகுதியை மற்ற எதற்கும் முன்பாகப் படித்துவிட வேண்டும்.

எனினும், நான்காண்டுப் பி.இ. அல்லது பி.டெக். முடித்தவர் மறுபடி மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இது பலருக்குத் தெரியாததால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ அதே பாடத்தில் இளநிலைப் பட்டம் கேட்பதே வழக்கம். அந்த வழியில் கணினிப் பொறியாளருக்கு இடம் கிடைப்பது அரிது. அதே ஆள், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமாக நடத்தும் நெட் தேர்வை எழுதத் தகுதியுடையவர். அந்தத் தேர்வு உயிர் அறிவியல், வேதி அறிவியல், இயற்பிய அறிவியல், கணித அறிவியல், புவி-வளிமண்டல-கடல் அறிவியல் என ஐந்து பாடங்களில் நடக்கிறது. மதிப்பெண் நிபந்தனையோடு பி.இ. பட்டதாரிகளையும் அனுமதிக்கிறது. முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கான கேட் தேர்விலும் இப்படித்தான். கணினிப் பட்டதாரி கணினித் தாளைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. நிலவியல் (ஜியாலஜி) தாளையோ, சூழலியல்-பரிணாமவியல் தாளையோ, புள்ளியியல் தாளையோ அவர் தேர்ந்துகொள்ளலாம். அந்த மதிப்பெண்ணை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு துறையின் முடிவு என்பதால், தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, சேர விரும்பும் துறையின் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. படிக்க நடத்தப்படும் ஜாம் தேர்வு இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், நிலவியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளியல் ஆகிய ஏழு தாள்களைக் கொண்டது. அதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் இடம் ஒதுக்கும்போது இளநிலையில் என்னென்ன பாடங்களை எத்தனை ஆண்டு படித்தோம் என்று பார்ப்பார்கள். பொறியியலில் முதலாண்டுக் கணிதமும் இயற்பியலும் எத்தனை பருவங்கள் இருந்தன என்பதை அப்போதுதான் பலரும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வேலையில் சேர்ந்த நாளில் அட்டைப்பெட்டிக்குள் போனவை. அவற்றைத் தேடி எடுப்பதே பலருக்கு முதல் வேலையாகிவிடும். படித்த கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தால் இடம்பெயர்வுச் சான்றிதழும் தேவைப்படும். விண்ணப்பத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே இவற்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

முனைவர் பட்ட விதிகள் 2022 நவம்பரில் மாற்றப்பட்டன. அந்த மாற்றம் இவ்வகை மாணவர்களுக்குச் சாதகமானது. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் முதுநிலை இல்லாமலே முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற்றால் பகுதிநேரமாகவும் படிக்கலாம். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. வயது உண்மையில் குறுக்கே நிற்கும் இடம், நெட் தேர்வு வழியாக ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.). அதற்குப் பொதுப்பிரிவினருக்கு 30 வயது வரம்பு. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. வயது கடந்தவர் படிக்கத் தடையில்லை, அந்த உதவித்தொகை மட்டும் கிடைக்காது. சில ஆய்வு நிறுவனங்கள் தாமே சேர்த்துக்கொள்ளும் மாணவர்களுக்குத் தமது நிதியிலிருந்தே உதவித்தொகை தருவதால், முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அவைதான் மெய்யான வாய்ப்பு.

இந்த இடத்தில் நம் வட்டாரத்தின் இருப்பிடம் கைகொடுக்கிறது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், ராமன் ஆய்வு நிறுவனம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆகிய நான்கும் ஓசூர்க்காரருக்குச் சென்னையைவிட மிக அருகில் இருக்கின்றன. தேசிய உயிரியல் அறிவியல் மையம் பொறியியல் பட்டதாரிகளையும் ஆய்வு மாணவராகச் சேர்க்கும் வழக்கமுடையது. உயிரியலே படிக்காத ஒருவர் உயிரியல் ஆய்வுக்குள் நுழைய இந்தியாவில் இருக்கும் மிகத் திறந்த வாசல்களுள் அதுவும் ஒன்று. சென்னைத் தரமணியில் 1962-இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலும் கோட்பாட்டுக் கணினி அறிவியலும் உண்டு. சேலத்தில் 1997-இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் நம் இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. அதன் முதுநிலை விரிவாக்க மையம் தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரருக்கு ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் தொலைவில்லை, அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றும் ரயில் இல்லை என்பதால் அங்கிருந்து போய்வருபவர் பேருந்தையே நம்ப வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் ஆய்வகத்துக்குப் போக வேண்டியவருக்கு இது சிறிய செய்தி இல்லை.

படிக்கும் இடத்தைவிட, படிப்பதற்கான கேள்விகள் நம் காலடியிலேயே கிடக்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். மென்பொருள் வேலைக்கும் அறிவியல் வேலைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அதில் விளங்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதே காரணம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தர அளவுகோல் ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லும், அளவு கூடக்கூட எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இதற்காகவே ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் வந்த பிறகும், நிலத்துக்கடியில் ஃபுளோரைடு ஏன் ஓரிடத்தில் மிகுந்தும் அடுத்த தோட்டத்தில் குறைந்தும் இருக்கிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

இந்த நிலத்தின் அடிப்பாறை பழமையான நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைகள். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளூரின் இருக்கிறது. பாறைப் பிளவுகளில் நீர் நீண்ட காலம் தங்கும்போது அது மெல்லக் கரைந்து வெளிவருகிறது. கரைந்த ஃபுளோரைடு நீரிலேயே நிற்குமா, நிற்காதா என்பதை முடிவுசெய்வது கால்சியம். நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து அளவு ஒரு எல்லைக்குள் நின்றுவிடும். களிமண் கனிமங்கள் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும் இடங்களிலும், பைகார்பனேட் மிகுந்து கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும் இடங்களிலும் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். ஃபுளோரைடு ஏறிக்கொண்டே போகும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கும்போது நீர் கூடுகிறதே தவிர, பாறையோடு அதிக காலம் கலந்திருந்த நீரைத்தான் நாம் எடுக்கிறோம்.

இப்போது பதினைந்து ஆண்டு மென்பொருளில் இருந்த ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் அமைப்பதும் வரைபடம் வரைவதும் அவருக்கு இடதுகை வேலை. ஆனால் முதல் எண் எங்கிருந்து வருகிறது? நீர் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்கக் கூடாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்; பிளாஸ்டிக் புட்டியில்தான் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் லாந்தனம் ஃபுளோரைடு படிகம் பொருத்திய மின்முனையை நீரில் அமிழ்த்தினால் கருவி மில்லிவோல்ட்டில் ஓர் எண் காட்டும். அதற்கு முன் ஒரு தாங்கல் கரைசலைச் சம அளவில் சேர்க்க வேண்டும்: அமிலமோ காரமோ மிகாமல் பார்த்துக்கொள்ளவும், அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்கவும், எல்லா மாதிரிகளின் மொத்த அயனி வலிமையையும் ஒன்றாக்கவும் அது தேவை. பிறகு அளவு தெரிந்த கரைசல்களை வைத்து ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டிலிருந்து மாதிரியின் அளவைப் படிக்க வேண்டும். 25 பாகை வெப்பத்தில், செறிவு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் குறையும். அறை 35 பாகைக்குப் போனால் அதுவே 61 ஆகிவிடும்.

இந்தக் கணக்கின் விளைவைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் செறிவில் நான்கு விழுக்காடு பிசகும். மூன்று மில்லிவோல்ட் நகர்ந்துவிட்டால் 1.45 என்று வந்திருக்க வேண்டிய கிணறு 1.63 என்று வரும். அனுமதிக்கப்பட்ட கிணறு அனுமதிக்கப்படாத கிணறாகிவிடும். கருவி பிழைச்செய்தி எதையும் காட்டாது. மென்பொருளில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று உடைந்து நமக்குத் தெரியவரும். பதிவேட்டைப் பார்த்து, அதே உள்ளீட்டைக் கொடுத்து, அதே பிழையை மறுபடி வரவழைக்கலாம். கிணற்று நீர் மறுவாரம் அதே நீராக இருக்காது. மழை பெய்திருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடியிருக்கும். எனவே ஃபுளோரைடு இல்லாத வெற்று மாதிரி, ஒரே நீரை இருமுறை அளக்கும் இரட்டை மாதிரி, தெரிந்த அளவு ஃபுளோரைடு சேர்த்த மாதிரி என்று ஒவ்வொரு எண்ணுக்கும் காவல் வைத்துத்தான் அறிவியலில் ஒரு தரவு அட்டவணை உருவாகிறது. மென்பொருளிலிருந்து வருபவர் படிக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். எண்ணைப் பெற்றுக்கொண்டு வேலை செய்து பழகியவர், எண்ணை உண்டாக்கும் வேலைக்குள் இறங்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக் காலச் சான்றுகளின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது நம் ஊர்களில் எழுந்த பெருமிதம் நியாயமானது. அந்த எண்ணுக்குள்ளும் இதே பாடம் இருக்கிறது. கதிரியக்கக் கரிமத்தின் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டு. ஆனால் காற்றில் அதன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால், ஆய்வகத்தில் அளந்த வயதை மரவளையங்கள் முதலியவற்றால் அமைத்த திருத்தக் கோட்டோடு பொருத்திப் பார்க்கிறார்கள். விடை ஒரே ஆண்டாக வருவதில்லை, ஒரு நிகழ்தகவு வரம்பாக வருகிறது. செய்தித்தாளில் நாம் படிப்பது அதன் நடு ஆண்டு. இந்த வரம்பை நிரல் எழுதிக் கணக்கிடுவதில் கணினித் திறன் நேரடியாகப் பயன்படும். மாதிரி எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, அது பிற்காலத்தில் கலங்கியதா என்பதைச் சொல்ல அகழாய்வுக் குழிக்குள் இறங்கிப் பழகிய கண் வேண்டும்.

மென்பொருள்காரர் கையோடு கொண்டுபோகும் சொத்து குறைவானதல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று உயிரியலும் புவி அறிவியலும் வானியலும் பெருந்தரவுக்குள் வந்துவிட்டன. ஒழுங்காக நிரல் எழுதவும், பதிப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கவும், மற்றவர் மறுபடி ஓட்டிப்பார்க்கும்படி வேலையைக் கட்டிவைக்கவும் தெரிந்தவர் எந்த ஆய்வுக்குழுவிலும் முதல் வாரத்திலேயே தேவைப்பட்டவர் ஆகிவிடுவார். டெமிஸ் ஹசாபிஸ் கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதியவர். 1998-இல் சொந்தமாக விளையாட்டு நிறுவனம் தொடங்கி 2005 வரை நடத்தினார். அதை மூடிய பிறகு பல்கலைக்கழகம் திரும்பி, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அறிதல் நரம்பியலில் 2009-இல் முனைவர் பட்டம் பெற்றார். புரதங்களின் அமைப்பைக் கணிக்கும் வேலைக்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளை எப்படி நினைவுகொள்கிறது என்ற கேள்வியைத்தான் அவர் அங்கே ஆராய்ந்தார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் மென்பொருளிலிருந்து வந்தவரல்ல. ஆயினும் அவர் செய்தது நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உயிரியல் மாணவராக மறுபடி சேர்ந்து இரண்டாண்டு பாடம் படித்தார். முனைவர் என்ற நிலையிலிருந்து மாணவர் வரிசைக்கு இறங்கியதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் வந்தது. பரிசுக்காக இவர்களைச் சொல்லவில்லை. இருவரும் அடிப்படைப் பாடத்தை முறையாக உட்கார்ந்து படித்தார்கள். அதைத் தாண்டிக் குதிக்கவில்லை.

ஆய்வுக்குழுவில் உடனே தேவைப்பட்டவர் ஆவதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. எல்லோருடைய நிரலையும் சரிசெய்து கொடுப்பவராக, இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவராக, பழைய வேலையையே குறைந்த சம்பளத்தில் செய்பவராக ஒரு மாணவர் எளிதில் மாறிவிடுவார். அது அவருக்கு வசதியாகவும் இருக்கும், ஏனெனில் தெரிந்த வேலை. இரண்டாண்டு கழித்துத்தான் தமக்கென்று ஒரு கேள்வி இல்லை என்பது தெரியவரும். நெறியாளரிடம் தொடக்கத்திலேயே இதைப் பேசி எல்லை வகுத்துக்கொள்வதில் தவறில்லை; பணியிடத்தில் வளர்ந்த பக்குவம் அதற்கு உதவும்.

கணிதம் தனிக் கவனம் வேண்டுவது. பதினைந்து ஆண்டு மென்பொருளில் இருந்தும் வகையீட்டுச் சமன்பாடு ஒன்றைக்கூட எழுதாதவர்கள் ஏராளம். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் பெயரளவில் நினைவிருக்கும். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தால் கை ஓடாது. பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் போட்டுப் பார்ப்பதற்கும் இங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். இணையவழிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். எட்டு அல்லது பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை, வேலையை விடாமலேயே, எல்லா ஒப்படைப்புகளோடும் முடித்துப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறில்லை. காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தெரியும் என்று சொல்லிக்கொள்வது இதில் சேராது. இரண்டு பாடங்களை இப்படி முடித்த பிறகும் அதே கேள்வி மனத்தில் நின்றால், அது நாள்பட்ட அலுவலகச் சலிப்பால் வந்த ஆசை இல்லை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இனிப் பணம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் மூத்த ஆய்வாளர் நிலையில் 42,000. விதிப்படி வீட்டு வாடகைப் படி தனி. மென்பொருள் சம்பளத்திலிருந்து இறங்குபவருக்கு இது பெரும் சரிவு. எம்.எஸ்சி. வழியாகப் போனால் அந்த இரண்டாண்டுக்கு இதுவும் கிடையாது. அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு என்பதுதான் ஒரே ஆறுதல். எனவே வீட்டுக் கடனை முடித்துவிட்டோ, தவணை உதவித்தொகைக்குள் அடங்கும்படி குறைத்துக்கொண்டோ கிளம்புவதுதான் சரி. பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் உள்ளவருக்குப் பெங்களூரு வாடகைக்காரரைவிட இந்தக் கணக்கு எளிதாக ஒத்துவரும். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். வயதான பெற்றோர் உள்ள வீட்டில் தனியாக ஒரு காப்பீடு எடுத்து, அதன் காத்திருப்புக் காலம் முடியும் வரையாவது வேலையில் இருக்க வேண்டியிருக்கும்.

வீட்டாரின் எதிர்ப்பைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. "இருக்குற வேலைய விட்டுட்டு இந்த வயசுல படிக்கப் போறேங்கறியே" என்று அம்மா கேட்பதில், முதல்முறையாக வீட்டுக்கு வந்த நிலையான வருமானத்தை இழக்கும் அச்சம் இருக்கிறது. எத்தனை ஆண்டு, மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு கையிருப்பு, முடியாமல் போனால் எப்போது வேலைக்குத் திரும்புவது என்று எழுதிக் காட்டினால் பேச்சு வேறு திசையில் போகும். பெண்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கடினமானது. கணவரின் வேலை, குழந்தையின் பள்ளி, மாமியாரின் உடல்நலம் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் அவர்களுடைய படிப்பு எண்ணப்படுகிறது. விதிகளில் உள்ள கூடுதல் இரண்டு ஆண்டும் விடுப்பும் அவர்களுக்குச் சட்டப்படி உரியவை. அவற்றைச் சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

படித்து முடித்த பின் என்ன வேலை என்பதையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். பள்ளிக்கல்வித் துறையில் முதுகலை ஆசிரியர் பணியை நினைத்துப் படிப்பவர், இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை முன்பே அறிந்திருக்க வேண்டும். கணினிப் பட்டத்தின் மேல் இயற்பியல் முதுநிலை வாங்கினால் கிராஸ் மேஜர் என்று ஒதுக்கப்படலாம். கல்லூரிப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆய்வு நிறுவனங்களில் தரவு சார்ந்த அறிவியல் பணிகளும், நீரியல், தொலையுணர்வு, உயிரித் தகவலியல் நிறுவனங்களில் வேலைகளும் இருக்கின்றன. இரண்டு துறையும் அறிந்தவருக்கு அங்கே மதிப்புண்டு. மென்பொருளுக்கே திரும்பினாலும், ஒரு துறையின் உள்ளடக்கத்தை ஆழமாக அறிந்த பொறியாளராகத் திரும்புவார். ஆனால் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளும் வழியாக இதை நினைப்பவருக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு வேறு குறுகிய வழிகள் இருக்கின்றன.

வேலையை விடுவதற்கு முன்பே தொடங்கக்கூடியவை பல. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நம் மாவட்டத்து மாவும் ராகியும் கொள்ளும் ஆராயப்படும் இடங்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களில் யானைகளின் நடமாட்டம் பற்றிய கேள்விகள் ஓசூர், தேன்கனிக்கோட்டை விவசாயிகளின் அன்றாடத்தோடு பிணைந்தவை. சாமல்பட்டியின் கார்பனடைட் பாறைகளும், அரூர்-ஊத்தங்கரைப் பகுதியின் மாலிப்டினமும் நிலவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருபவை. இவற்றில் எது தம்மை இழுக்கிறதோ, அது பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பத்தைத் தேடிப் படித்து, அதில் புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு, எழுதிய ஆய்வாளருக்குத் தெளிவான ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்பலாம். "உங்களிடம் பிஎச்.டி. வாய்ப்பு உண்டா?" என்ற பொதுவான கடிதத்துக்குப் பதில் வருவது அரிது, "உங்கள் கட்டுரையின் இந்த அட்டவணையில் ஆழமான கிணறுகளில் மட்டும் கால்சியம் குறைவது ஏன்?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில் வரும். சனி, ஞாயிறுகளில் அவர்களுடைய களப்பணிக்கு உடன் போகவும், தரவைச் சரிபார்த்துக் கொடுக்கவும் வாய்ப்புக் கிடைத்தால் நெறியாளரையும் துறையையும் அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழியில்லை.

காலக்கணக்கு இப்படி அமையும். கேட், ஜாம் தேர்வுகள் பிப்ரவரியில். அவற்றுக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் திறக்கும். நெட் சூன், திசம்பர் என இரண்டு சுழற்சியாக அறிவிக்கப்படுகிறது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் ஒருமுறை நன்றாக எழுதிவிட்டு, கடனை முடிக்க ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம். ஆய்வு நிறுவனங்களின் நேர்காணல்கள் பெரும்பாலும் கோடையில் நடந்து, வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கும். நிறுவனங்களில் அறிவிப்புக் காலம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம். ஆகவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுப்பவர், சேரும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று அந்தத் துறை அலுவலகத்தில் நேர்காணலன்றே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.